கங்காணி இல்லாமல் ஒரு வேலை



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைப் படித்துவிட்டு அப்படியே எடுத்து வைக்க மனம் வரவில்லை. நீலகிரி மாவட்டம் சேரம்பாடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கல்லூரிப் படிப்பை முடித்தவர். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவர் பெயரை விட்டுவிடுகிறேன். 'வேலைக்கு ஆன்லைனில் தேடு' என்று எல்லோரும் சொல்கிறார்கள், தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழுகிறது, எது நிஜம் எது பொய் என்று தெரியவில்லை, வாட்ஸ்அப்பில் வருகிற லிங்க்கைத் தொடவே பயமாக இருக்கிறது, உருப்படியாக நாலு இணையதளம் சொல்லுங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

தனியாகப் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இதே கேள்வி வால்பாறையிலும் இருக்கிறது, பரமக்குடியிலும் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

தளங்களைச் சொல்வதற்கு முன் சேரம்பாடியைப் பற்றிக் கொஞ்சம். பந்தலூர் வட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய ஊர். அந்தப் பக்கம் வயநாடு. மாவட்டத் தலைநகரான உதகைக்குப் போவதென்றால் பந்தலூர், தேவாலா, நாடுகாணி, கூடலூர் என்று மலைப்பாதையில் பாதி நாள் போய்விடும். சுற்றிலும் தேயிலை. அதில் பெரும்பகுதி தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டம். டேன்டீ என்றால்தான் அங்கே எல்லோருக்கும் புரியும். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவாயிற்று. அப்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் வனத்துறையின் திட்டமாகத் தொடங்கி, பிறகு கழகமானது டேன்டீ. பந்தலூர், கூடலூர் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் இன்றைக்கு இருக்கும் பிள்ளைகளில் பலர் அப்படித் திரும்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

அந்தப் பாட்டன் பாட்டிகளின் முன்னோர் இலங்கைக்குப் போனது எப்படி? தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வந்து கூப்பிட்டார். முன்பணம் கொடுத்தார். வழிச்செலவு, சாப்பாடு எல்லாம் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' வேண்டும். கடனைக் கட்ட ஒப்புக்கொள்ளும் தோட்டத்துக்குத்தான் போக முடியும். 1921-இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். வேலை எங்கே, சம்பளம் எவ்வளவு, நிபந்தனை என்ன என்பதெல்லாம் நடுவில் நின்ற ஒருவருக்குத் தெரிந்திருந்தது, வேலைக்குப் போனவருக்குத் தெரியவில்லை. பட்ட பாட்டில் பாதிக்கு அதுதான் காரணம்.

இன்றைக்கு ஒரு வேலையின் அறிவிக்கையை, வயது வரம்பு முதல் சம்பள விகிதம் வரை, சேரம்பாடியில் இருந்துகொண்டே வரிவரியாகப் படித்துவிடலாம். நடுவில் ஆள் தேவையில்லை. அப்படி மூல அறிவிக்கையை உங்கள் கண்ணில் காட்டுகிற தளம்தான் நல்ல தளம். அதை மறைத்து வைத்துக்கொண்டு 'நான் வாங்கித் தருகிறேன்' என்கிற எதுவும், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பழைய கங்காணிதான்.

தளங்களுக்குப் போகுமுன் வீட்டில் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரியும், விட்டுவிடாமல் ரீசார்ஜ் செய்து வைத்திருக்கும் ஒரு கைபேசி எண்ணும் வேண்டும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிரவுசிங் சென்டரில் அவசரமாகப் பதிவு செய்யும்போது கடைக்காரர் தன் மின்னஞ்சலையே போட்டுவிடுவார். பாஸ்வேர்டு அவர் நோட்டில் இருக்கும். ஆறு மாதம் கழித்து ஹால் டிக்கெட் எடுக்கப் போனால் கடை மாறியிருக்கும், நோட்டும் இருக்காது. இல்லையென்றால் ஓடிபி பழைய சிம்முக்குப் போகும்; அந்த எண் வேறு யாரிடமோ இருக்கும். கூடவே, ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தாயகம் திரும்பிய குடும்பங்களில் தாத்தா பெயர் ஒரு காகிதத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருப்பது சகஜம். தேர்வில் ஜெயித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்கும்போது அதைத் திருத்த நேரம் இருக்காது.

இனி தளங்கள். முதலாவது, தமிழக அரசின் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு: டிஎன்வேலைவாய்ப்பு டாட் ஜிஓவி டாட் இன். ஆங்கிலத்தில் தட்டும்போது 'வாய்ப்பு' என்பதில் 'வி'க்குப் பிறகு 'ஏ' எழுத்து இரண்டு முறை வரும். ஒன்று விட்டால் வேறெங்கோ போய்விடும். முன்பெல்லாம் இந்தப் பதிவுக்காகவே சேரம்பாடியிலிருந்து உதகைக்குப் போக வேண்டும். கூட வருகிற அம்மாவுக்கு அன்றைக்குத் தோட்டத்தில் பேர் விழாது, கூலியும் போகும். இப்போது அந்த அலைச்சல் இல்லை. உங்களில் பலருக்குப் பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ பள்ளியிலேயே பதிந்து கொடுத்திருப்பார்கள். பழைய பெட்டியைத் தேடி அந்த அட்டையை எடுங்கள். 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டால் சீனியாரிட்டி போய்விடும், அதுதான் வயிற்றெரிச்சல். பதிந்து 5 ஆண்டு ஆகியும் வேலை கிடைக்காத, ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகாத குடும்பத்துப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் வீதம் 3 ஆண்டுக்கு அரசு உதவித்தொகை தருகிறது. பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பத்தாவது தேறியவருக்கு 300. பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஒரு மாதத்து டேட்டாவுக்கும் விண்ணப்பச் செலவுக்கும் அது உதவும். பதிவு உயிரோடு இருந்தால்தான் அதையும் கேட்க முடியும்.

அடுத்தது டிஎன்பிஎஸ்சி, அதாவது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். டிஎன்பிஎஸ்சி டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளத்துக்கே நேராகப் போங்கள். அந்த ஆண்டு என்னென்ன தேர்வு வரப்போகிறது என்ற அட்டவணை அங்கேயே கிடக்கும். விண்ணப்பப் பக்கத்துக்கும் அங்கிருந்தே போகலாம். ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய். 5 ஆண்டுக்குச் செல்லும். அப்புறம் ஒவ்வொரு தேர்வுக்கும் அதிலிருந்தே விண்ணப்பிக்கலாம். தேர்வுக் கட்டணத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர், ஆதரவற்ற விதவைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு முழு விலக்கு. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 3 முறை இலவசம். பந்தலூர்ப் பக்கத்துப் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் பிள்ளைகளிடம் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். விண்ணப்பிக்கப் பணம் இல்லையே என்று ஒதுங்கி நிற்பவர்கள் அவர்களில் இருக்கிறார்கள்.

குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். இந்த விதி வந்ததிலிருந்து, பள்ளியில் தமிழை ஒழுங்காகப் படித்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய பலம் என்பது என் எண்ணம். நேர்முகத் தேர்வு கிடையாது. ஆள் பிடிக்க எங்கேயும் இடம் இல்லை. இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் எல்லாம் இந்த ஒரே தேர்வில்தான். பாடம் படிக்கக் கோச்சிங் சென்டருக்குக் கோயம்புத்தூர் போக முடியாதவர்கள் வேலைவாய்ப்புத் துறையின் தமிழ்நாடு கரியர் சர்வீசஸ் தளத்தைப் பாருங்கள். பாடக்குறிப்புகள் இலவசமாகவே இருக்கின்றன.

ஒரு சின்ன விஷயம், நிறையப் பேரைத் தடுக்கிவிடுகிற விஷயம். புகைப்படம் 20-லிருந்து 50 கேபிக்குள், கையெழுத்து 10-லிருந்து 20 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று டிஎன்பிஎஸ்சி கேட்கும். போனில் எடுத்த படம் அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். தளம் ஏற்காது, சிவப்பு எழுத்தில் ஏதோ வரும், பிள்ளை பயந்து மூடிவிடும். அளவைக் குறைத்த படத்தையும் கையெழுத்தையும் ஒருமுறை தயார் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். கடைசித் தேதி வரை காத்திருக்கவும் வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை உங்கள் பக்கத்து மழையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கரண்ட் போனால் டவரும் போய்விடும். அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே போட்டுவிட்டால் நிம்மதி.

எனக்குத் தனிப்பட்ட பிரியமுள்ள ஒன்றைச் சொல்கிறேன்: அஞ்சல் துறையின் கிராமிய அஞ்சல் ஊழியர் பணி, ஜிடிஎஸ் என்பார்கள். இந்தியாபோஸ்ட்ஜிடிஎஸ்ஆன்லைன் டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளத்தில் அறிவிப்பு வரும். தேர்வே இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சதவீதமாக்கி, தசமத்துக்குப் பின் நாலு இலக்கம் வரை கணக்கிட்டு, கணினியே பட்டியல் போடுகிறது. வயது 18 முதல் 40. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் தேறியிருக்க வேண்டும், தமிழ் படித்திருக்க வேண்டும், சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டும். பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் கட்டணம் இல்லை. மற்றவர்களுக்கு 100 ரூபாய். கிளை அஞ்சல் அதிகாரிக்கு 12,000 ரூபாயிலும், உதவியாளருக்கு 10,000 ரூபாயிலும் ஊதியம் தொடங்கும், அகவிலைப்படி தனி. நாளைக்கு நாலைந்து மணி நேர வேலை. விண்ணப்பத்தில் நீலகிரிக் கோட்டத்தையே தேர்ந்தெடுக்கலாம். மலையை விட்டுப் போகாமல், அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டே பார்க்கக்கூடிய அஞ்சல் துறைப் பணி இது. உள்ளே போனபின் துறைத் தேர்வு எழுதித் தபால்காரராகவும் அதற்கு மேலும் போகலாம். பத்தாவதில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளைகள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். அவர்கள் காதில் இது விழ வேண்டும்.

மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் (எஸ்எஸ்சி) நடத்தும் தேர்வுகளை எட்டாத உயரம் என்று நினைத்த காலம் போய்விட்டது. பத்தாம் வகுப்புத் தகுதிக்கான எம்டிஎஸ் (பல்நோக்குப் பணியாளர்) தேர்வின் கேள்வித்தாள் 2023 முதல் தமிழிலும் வருகிறது. எஸ்எஸ்சி டாட் ஜிஓவி டாட் இன் பாருங்கள். ஐடிஐ முடித்தவர்கள் தொழில்பழகுநர் பயிற்சிக்கு அப்ரண்டிஸ்ஷிப்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதியுங்கள்.

தனியார் வேலைக்கு, 2020-இல் தமிழக அரசு தொடங்கிய தமிழ்நாடு தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் இருந்து தொடங்குவது நல்லது: டிஎன்பிரைவேட்ஜாப்ஸ் டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன். வேலை தேடுபவருக்கும் கட்டணம் இல்லை, ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கும் கட்டணம் இல்லை. மாவட்டவாரியாகத் தேடலாம். வேலைவாய்ப்பு முகாம் எந்த ஊரில், என்றைக்கு என்பதும் அதில் இருக்கும். இந்திய அளவில் தேட 2015-இல் வந்த தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம், என்சிஎஸ், இருக்கிறது. 1997-இல் தொடங்கிய நௌக்ரி, அதற்குப் பின் வந்த லிங்க்டுஇன், இன்டீட் எல்லாவற்றையும் பட்டதாரிகள் தாராளமாகப் பயன்படுத்தலாம், பதிவு இலவசம்தான். ஒரு யோசனை மட்டும். அங்கே ஒரு கோயம்புத்தூர் நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டால், அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அதே வேலை இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அங்கும் இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வெளிநாடு என்றால் நிதானம் இன்னும் வேண்டும். தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. முதலில் அதன் தளத்தைப் பாருங்கள். தனியார் ஏஜென்ட் மூலம் போவதென்றால், அவர் பதிவு பெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். அப்படிப் பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கு மேல் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்கிறவர் எந்தக் கணக்கில் கேட்கிறார்? தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி, மோசடிக் கும்பல்களுக்காக வேலை செய்ய வைத்தார்கள். அவர்களில் 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அவர்கள் படித்த பிள்ளைகள், கணினி தெரிந்தவர்கள். விவரம் இல்லாததால் ஏமாந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. வேலைக்கான ஏக்கத்தைக் குறிவைத்து அடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

உள்ளூரிலும் அந்த அடி விழுகிறது. வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று டெலிகிராமில் சேர்ப்பார்கள். முதலில் நூறு இருநூறு நிஜமாகவே கணக்கில் ஏறும். அப்புறம் 'பெரிய டாஸ்க்'குக்கு ஆயிரம் கட்டு, ஐயாயிரம் கட்டு என்பார்கள். அத்தோடு சரி. இன்னொரு வகை, தேர்வாகிவிட்டீர்கள், லேப்டாப் அனுப்புகிறோம், டெபாசிட் கட்டுங்கள் என்று வரும் அழைப்பு. அரசு முத்திரை போட்ட கடிதம் கூட வரும். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஜிஓவி டாட் இன் என்று முடியும் முகவரி அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். அதனால் பக்கத்தின் தலையில் இருக்கும் படத்தைப் பார்க்காதீர்கள், மேலே இருக்கும் முகவரியின் வாலைப் பாருங்கள். கூகுளில் தேடும்போது முதலில் வருவது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கும். வேலைச் செய்திகளைத் திரட்டித் தரும் தளங்களும் யூடியூப் சேனல்களும் தகவலுக்கு உதவும், மறுக்கவில்லை. அங்கே அறிவிக்கை எண்ணையும் கடைசித் தேதியையும் குறித்துக்கொண்டு, விண்ணப்பத்தை மூலத் தளத்தில் போடுங்கள். பணம் பறிபோய்விட்டால் அழுது நேரம் போக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகார் பதியுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறும் முன் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு வீட்டில் மறைப்பதுதான் மோசடிக்காரனுக்கு லாபம்.

கடிதம் எழுதிய வாசகிக்கு: நீங்கள் நாலு தளம் கேட்டீர்கள், நான் நிறையச் சொல்லிவிட்டேன். முதல் வாரம் வேலைவாய்ப்புப் பதிவைச் சரிபாருங்கள், டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவை முடியுங்கள், தனியார் வேலைவாய்ப்புத் தளத்தில் பெயர் கொடுங்கள், அஞ்சல் துறை அறிவிப்புக்குக் கண் வைத்திருங்கள். மற்றவை பிறகு. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் இந்த நாலையும் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் போதும். நாள் முழுக்கப் போனும் கையுமாக இருந்து மனசு சோர்ந்து போக வேண்டாம்.

மற்ற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள், உரிமையோடு. டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தருவது என்று 2022-இல் முடிவானபோது, லைன் வீடுகளில் எத்தனை பேருக்கு அடுத்து என்ன என்ற கவலை வந்தது என்பதை நீலகிரிக்காரர்கள் அறிவீர்கள். தோட்டத்து வேலையை மட்டும் நம்பி அடுத்த தலைமுறை இருக்க முடியாது. உங்களில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், வங்கியில், தாலுகா அலுவலகத்தில், கூடலூர்க் கல்லூரியில் இருக்கிறீர்கள், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறீர்கள். வீட்டில் ஒரு லேப்டாப்பும் நெட்டும் இருந்தால், பக்கத்து லைனில் வேலை தேடும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்தப் பிள்ளையின் மின்னஞ்சலில், அந்தப் பிள்ளையின் எண்ணில் பதிவு செய்து கொடுங்கள். விரல் அந்தப் பிள்ளையுடையதாக இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். பாஸ்வேர்டை அவர்கள் நோட்டில் அவர்கள் கையாலேயே எழுத வையுங்கள்.

அடுத்த இதழில், டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவுப் படிவத்தை ஒவ்வொரு கட்டமாகப் படத்தோடு விளக்கி நாலு பக்கம் வெளியிடுகிறோம். அதைக் கிழித்து நூலகத்திலோ, டீக்கடையிலோ, தோட்டத்து அலுவலகப் பலகையிலோ ஒட்டிக்கொள்ள முன்கூட்டியே அனுமதி தந்துவிடுகிறேன். எந்தக் கட்டத்தில் சிக்குகிறது என்பதை அஞ்சலட்டையில் எழுதி இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அனுப்பினால் அதற்கான பதிலையும் சேர்த்துவிடலாம். இந்தத் தளங்கள் வழியாக வேலை கிடைத்தவர்கள் இருந்தால் நீங்களும் எழுதுங்கள்: என்ன வேலை, எத்தனை மாதம் ஆயிற்று, எந்தச் சான்றிதழுக்கு அதிகம் அலைந்தீர்கள் என்று. சேரம்பாடி வாசகிக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் என் பதிலைவிட உங்கள் பதில்தான் அதிகம் உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்